ஜல்லித் தளம் புதுக்கும் கலை

கோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஆயிரம் பேர் உண்டு. தூணின் வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்து வியக்கவும், நிலைக்கதவின் சித்திரப் பலகைக்கு முன் நின்று பொழுது போவதை மறக்கவும் ரசிகர்களுக்குக் குறைவில்லை. ஆனால் வெயிலையும் மழையையும் முதலில் தான் ஏற்றுக்கொண்டு, கீழே உள்ள அத்தனை அழகையும் ஆண்டாண்டாகக் காத்து நிற்கும் மாடித் தளத்தைக் கலைப் பொருளாகக் கருதியவர்கள் மிகச் சிலரே. வடகம் காயப் போடவும், கோடை இரவில் பாய் விரிக்கவும், கார்த்திகையில் அகல் வைக்கவும் உரிய இடம் என்ற அளவில் அதைப் பற்றிய நம் சிந்தனை நின்றுவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் கூடத்தின் நடுவே ஒரு சொட்டு விழுந்த பிறகுதான் தலைக்கு மேல் அப்படி ஒன்று இருக்கும் ஞாபகமே வருகிறது. அந்தச் சொட்டு விழுந்த வீட்டை மறுபடியும் மழைக்கு அஞ்சாத வீடாக்கும் தொழிலில், சங்கீதத்துக்கு உரிய சுருதியும் தாளமும், வைத்தியத்துக்கு உரிய நிதானமும், கணிதத்துக்கு உரிய அளவும் ஒருங்கே கூடியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். கடைசியில் மேலே ஏறும் பூச்சு அந்த வித்தையின் முத்தாய்ப்பு மாத்திரமே. வித்தை முழுவதும் அதற்குக் கீழே, கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது.

நம் பக்கத்தில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் பெற்ற மச்சுத் தளத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அதைப் புதுக்குவதன் நுட்பம் விளங்கும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை ஏற்றி, அவற்றின் குறுக்கே ஓர் அடி அல்லது ஒன்றரை அடி இடைவெளியில் மரச் சட்டங்களைப் பரப்பி, அந்தச் சட்டங்களின் மேல், ஆறு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குல கனமும் உள்ள சின்னஞ்சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சட்டங்களுக்குக் கோணவாட்டமாக வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டு போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, அது மூன்று அங்குலமாக இறுகும்வரை தட்டி, அதற்கும் மேலே மூன்று கை காரையோ, தட்டோடுகளோ வைத்து முடிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் சிமென்ட் கான்கிரீட் வந்து தேக்கையும் சிறு செங்கல்லையும் வீட்டை விட்டு வெளியேற்றிய பிறகும், இந்த ஜல்லித் தளத்தை மட்டும் அதனால் அப்புறப்படுத்த முடியவில்லை. கான்கிரீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்து, வெயிலின் உக்கிரத்தைக் கீழே விடாமல் தடுத்து, மழை நீருக்கு வாட்டமும் கொடுத்துக்கொண்டு, 'சுருக்கி' என்ற பெயரோடு அது இன்னும் நம் தெருக்களில் வாழ்கிறது.

ஜல்லியை மாடியில் பரப்பும் வழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் பழைய தட்டைக் கூரைகளில், தாரில் தோய்ந்த கம்பளத் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி, அவற்றின்மேல் கூழாங்கல்லை இறைத்து விடுவார்கள். அங்கே கல், தாரை வெயில் உலர்த்திப் பிளந்துவிடாமல் காக்கும் குடை. அந்தக் கூரையைப் புதுக்குகிறவன் முதலில் ஒட்டாத கற்களையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டுத்தான் பூச்சுக்கு வர முடியும். நம் ஊர்த் தளத்திலோ ஜல்லி தனியே கிடப்பதில்லை. சுண்ணாம்போடு கலந்து, ஒரே கல்லாகத் திரண்டு, தானே நீரைத் தடுக்கும் சரீரமாகிவிடுகிறது. ஆகையால் நம் கொத்தனார் அள்ளி எறிகிறவர் அல்லர். எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பிரித்தறிந்து, இருப்பதோடு புதியதைச் சேர்க்கத் தெரிந்தவர்.

அந்தப் பிரித்தறிதலில்தான் ஒரு நல்ல மேஸ்திரியின் மேதைமையை நான் முதன்முதலில் ரசிக்கிறேன். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்புகிறவர் வீட்டுக்காரர். நீர் அவ்வளவு நேர்மையாக இறங்குவதில்லை என்று அறிந்தவர் மேஸ்திரி. கைப்பிடிச் சுவரின் அடியில் நுழைந்த நீர், ஜல்லிக்கும் கட்டுக்கும் இடையே சந்து கண்ட வழியெல்லாம் அலைந்து, பத்தடி தள்ளி ஒரு மரச் சட்டத்தின் ஓரமாகச் சொட்டும். எனவே அவர் கறை படிந்த கூரையை ஒரு தரம் பார்த்துவிட்டு மேலே போய், தளத்தின் நான்கு ஓரங்களையும் முதலில் நடந்து வருகிறார். தூம்பின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா, சுவரும் தளமும் கூடும் மூலையில் பிளவு உண்டா, அரசங்கன்று எங்காவது தலைகாட்டுகிறதா என்று பார்க்கிறார். பிறகு குந்தி உட்கார்ந்து, கரணைக் காம்பினால் தளத்தைத் தட்டிக்கொண்டே போகிறார். கெட்டியான இடம் கணீரென்று பதில் சொல்லும். அடியில் பற்று விட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். கரித்துண்டால் அவர் அந்த இடங்களை வளைத்துக்கொண்டே வர, அரை மணி நேரத்தில் அந்த வீட்டின் வியாதி முழுவதும் தரையில் ஒரு படமாக எழுதப்பட்டுவிடுகிறது. பின்னர் நான்கு குடம் நீரை ஊற்றி, அது உலரும் விதத்தைக் கவனிக்கிறார். மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் கறுத்த கோடாக ஈரம் நிற்கும் வழியெல்லாம் மயிரிழை வெடிப்புகள் என்பது அவருக்குத் தெரியும்.

தளம் ஏன் கெடுகிறது என்று கேட்டால் மழையைக் குற்றம் சொல்லுவது உலக வழக்கம். உண்மையில் பெரும் பகைவன் வெயிலே. பகலில் காய்ந்து விரிந்தும் இரவில் குளிர்ந்து சுருங்கியும் தளம் நாள்தோறும் அசைந்துகொண்டே இருக்கிறது. அசையாத சுவரோடு அது சேரும் மூலை அந்த இழுபறியைத் தாங்காமல் முதலில் விட்டுக்கொடுக்கிறது. அந்தப் பிளவில் மண் சேர்ந்து, பறவை எச்சத்தோடு வந்த ஆலம் விதையோ அரசம் விதையோ முளைத்து, வேர் ஜல்லிக்குள் புகுந்த பிறகு மழை தன் வேலையைச் சுலபமாக முடித்துக்கொள்கிறது. இந்த நிலையில் பலர் செய்யும் காரியம், பழையதன் மேலேயே புதிதாக ஒரு தளத்தைப் போட்டு மூடிவிடுவது. மூன்று அங்குல ஜல்லித் தளம் ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அந்தச் சுமையை இரட்டிப்பாக்கினால், மூப்படைந்த தேக்குச் சட்டம் எத்தனை நாள் முனகாமல் தாங்கும்? பற்று விட்ட பாகங்களை மட்டும் வெட்டி எடுத்து, வேரை நுனிவரை பின்தொடர்ந்து களைந்து, வெடிப்புகளை வாய் அகலும்படி செதுக்கி, தூசியைக் கழுவி, கெட்டியாக உள்ள பழைய தளத்தை மரியாதையோடு நிறுத்திவைப்பதே உத்தமமான முறை. நன்றாகச் செதுக்கிய வெடிப்பின் விளிம்பைப் பார்த்தாலே கை யாருடையது என்று சொல்லிவிடலாம்.

இனிக் கலவை. சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் வெந்து, தன்னிடம் உள்ள கரியமில வாயுவை விட்டு, நீர் பட்டவுடன் கொதித்துப் பூவாக உதிர்ந்து நீறுகிறது. அப்படி நீறிய சுண்ணாம்பு, பூசிய பிறகு காற்றில் உள்ள அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. தன்னந்தனியே விட்டால் இந்தக் காரியம் மேல் தோலில் சீக்கிரமும் உள்ளே மிகத் தாமதமாகவும் நடக்கும். செங்கல்லின் சேர்க்கை இங்கேதான் அற்புதம் செய்கிறது: சுட்ட களிமண்ணில் உள்ள மணற்சத்து ஈரத்தின் துணைகொண்டு சுண்ணாம்போடு கூடி, காற்றை எதிர்பாராமலே இறுகும் ஒரு புதுப் பொருளாக மாறி, நீரைக் கண்டால் இளகாமல் மேலும் கெட்டிப்படுகிறது. ஆதலால் ஜல்லியின் தேர்வு சாமானியமான விஷயம் அன்று. வேகாத செங்கல் மழையில் கரையும். கருகிப் போன செங்கல் கண்ணாடி போல் இறுகிச் சுண்ணாம்பை உள்ளே விடாது. செக்கச் செவேலென்று பதமாக வெந்ததை, முக்கால் அங்குல அளவுக்கு உடைத்து, சலித்து, நீரில் ஊறவைத்து, அதன் தாகம் தீர்ந்த பிறகே சுண்ணாம்பில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் கட்டளைப்படி 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுத்தமான நீற்றிய சுண்ணாம்பு. மணல் கலக்கவே கூடாது. இந்த விகிதத்தில் ஓர் அனுபவம் பேசுகிறது: ஜல்லிக்கு நடுவே உள்ள சந்துகளை நிரப்பும் அளவுக்குச் சுண்ணாம்பு உண்டு, வெயிலில் வெடிக்கும் அளவுக்கு மிகுதி இல்லை.

பரப்பிய கலவையைத் தட்டும் கட்டமே இந்தக் கலையின் சிகரம். கொட்டாப்புளியும் தட்டுப்பலகையும் ஏந்திய சித்தாள்கள் வரிசையாகக் குந்தி, ஒரு மூலையில் தொடங்கி, ஒருவர் அடித்த இடத்தை அடுத்தவரின் அடி பாதி மூடும்படி அடித்துக்கொண்டே பின்னோக்கி நகருவார்கள். ஆரம்பத்தில் ஓசை ஈரமாக, மந்தமாக இருக்கும். ஜல்லி நெருங்க நெருங்க, பிசினைப் போன்ற சுண்ணாம்புப் பால் மேலே கசியக் கசிய, ஓசையின் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஒருவர் முந்தினாலோ பிந்தினாலோ தளம் மேடும் பள்ளமுமாகிவிடும் என்பதால்தான் இந்த வேலைக்குப் பாட்டு ஏற்பட்டது. பாட்டின் தாளம் அங்கே களைப்பை மறப்பதற்கு மாத்திரம் அன்று, தளத்தின் மட்டத்துக்கும் அதுவே ஆதாரம். கடுக்காயை உடைத்து ஊறவைத்த நீரும் வெல்லக் கரைசலும் அவ்வப்போது தெளிக்கப்படுகின்றன. கடுக்காயின் துவர்ப்பு சாந்துக்கு உறுதி தருகிறது என்பது கொத்தனார்களின் பரம்பரை நம்பிக்கை. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும் என்பது ரசாயனம் ஒப்புக்கொண்ட உண்மை. இப்படி ஒரு நாள் அன்று, மூன்று நாளோ அதற்கு மேலோ தட்டுவார்கள். எப்போது நிறுத்துவது? அதற்குக் கடிகாரம் இல்லை. அடித்த கட்டை தளத்தில் பதியாமல், தானாகவே கையில் துள்ளித் திரும்ப வேண்டும். அந்தத் துள்ளலை உள்ளங்கை உணர்ந்த கணத்தில் மேஸ்திரி 'போதும்' என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே இத்தனை பிரயாசையும் என்று அருகில் நின்று பார்க்கிறவனுக்குத் தோன்றும்.

இந்த ஞானம் நமக்கு மட்டும் உரியது என்று கர்வப்படுவதற்கும் இடமில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் கட்டடக் கலை நூல் இயற்றிய விட்ருவியஸ், சாந்தில் மூன்றில் ஒரு பங்கு இடித்த ஓட்டுத் தூளைச் சேர்த்தால் அது மேம்படும் என்று எழுதினார். திறந்த வெளித் தளத்துக்குப் பத்தடிக்கு இரண்டு விரற்கடை வாட்டம் வேண்டும் என்று விதித்தார். இணைப்புச் சாந்து பனியில் கெடாமலிருக்க, ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் எண்ணெய்க் கசடை அதில் ஊட்ட வேண்டும் என்றும் சொன்னார். நம் கொத்தனார்கள் ஜல்லித் தளத்தின்மேல் தட்டோடு பதிக்கும்போது, ஒன்றுக்கு மூன்று என்ற சிமென்ட் சாந்தில், சிமென்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு கச்சா எண்ணெய் கலந்து இணைப்புகளை அடைப்பதைப் பார்க்கும்போது, கடலும் காலமும் பிரித்த இரண்டு தொழிலாளர் கூட்டங்கள், ஒரே பகைவனான நீரை ஒரே யுக்தியால் வெல்ல முயன்றதைக் கண்டு மனம் உவக்கிறது.

தளமும் சுவரும் கூடும் மூலையைச் செங்கோணமாக விடாமல், உள்வளைவாகக் காரை பூசித் திருப்புவதில் இன்னொரு சௌந்தரியம் உண்டு. நீர் தேங்கி நிற்க மூலை ஒன்று இல்லாமற் செய்வதே அதன் நோக்கம். ஆனால் தேர்ந்த கை பூசிய அந்த வளைவு, நான்கு சுவர்களையும் ஒரே கோடாகச் சுற்றிவந்து தூம்பின் வாயில் இறங்கி மறைவதைக் காலை வெயிலில் சாய்வாகப் பார்த்தால், உபயோகத்திலிருந்து பிறந்த அழகுக்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை என்று தெரியும்.

இக்காலத்து நீர்க்காப்புப் பூச்சுகளைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அக்ரிலிக் என்றும் பாலியூரித்தேன் என்றும் டப்பாக்களில் வரும் இந்தத் திரவங்கள், உலர்ந்தபின் தோல் போலச் சிறிது இழுபட்டுச் சுருங்க வல்லவை. தினந்தோறும் விரிந்து சுருங்கும் தளத்துக்கு அந்தக் குணம் மிகவும் ஏற்றது. வெடிப்பின் மேல் கண்ணாடி இழை வலையைப் பதித்து, முதல் பூச்சைக் கிழக்கு மேற்காகவும், அது நன்றாக உலர்ந்த பிறகு இரண்டாவதை வடக்கு தெற்காகவும் இழுத்தால், ஒன்று விட்ட துவாரத்தை மற்றொன்று மூடும். வெண்மையான பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்விக்கவும் செய்கிறது; சித்திரைக்கு முன் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்த நம் முன்னோர்கள் அதே லாபத்தை மலிவாகப் பெற்றார்கள். ஆனால் இந்தப் பூச்சுகளுக்கு ஒரு சுபாவம் உண்டு: தமக்குக் கீழே உள்ள ஈரத்தை அவை மன்னிப்பதில்லை. சுண்ணாம்புத் தளம் உள்ளே புகுந்த ஈரத்தை வெயில் வந்ததும் ஆவியாக வெளியே விட்டுவிடும் இயல்புடையது. ஈரம் காயாத தளத்தின்மேல் காற்றுப் புகாத தோலை இழுத்துவிட்டால், அந்த ஆவி போக வழியின்றிக் கொப்புளமாகக் கிளம்பி, பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பாசியின் மேலும், தூசியின் மேலும், வாட்டமற்றுக் குளம் கட்டும் பள்ளத்தின் மேலும் பூசிய பூச்சு எத்தனை விலை கொடுத்து வாங்கியதாயினும் அடுத்த சில மழைகளுக்குள் உரிந்து போவதற்குக் காரணம் டப்பாவில் இல்லை. மரத் தளத்தின் பழைய சுண்ணாம்புக்குச் சுவாசிக்கும் சுண்ணாம்பே பொருத்தம்; கான்கிரீட்டின் மேல் உள்ள தளத்துக்கு, கோடையில் நன்றாகக் காய்ந்தபின், புதுப் பூச்சு நல்ல துணை.

வேலை முடிந்த தளத்தைச் சோதிப்பதிலும் ஒரு சம்பிரதாயம் உண்டு. தூம்புகளை அடைத்து, ஒரு முழு நாள் நீரைத் தேக்கி வைத்து, கீழே கறை படர்கிறதா என்று பார்ப்பது முதற் பரீட்சை. அதில் தேறிய தளத்தின் அடைப்பை எடுத்துவிட்டு நீர் ஓடும் விதத்தைக் கவனிப்பது இரண்டாவது. ரசிகனுக்கு உரியது இதுவே. கண்ணுக்கு முழுச் சமதளமாகத் தோன்றும் பரப்பில், யாரும் தள்ளாமலே நீர் நான்கு பக்கமிருந்தும் ஒரு திசையை நினைவுகூர்ந்ததுபோல் திரும்பி, எங்கும் தயங்காமல், ஓரிடத்திலும் திட்டாகத் தங்காமல், தூம்பை நோக்கி நகருமானால், வாட்டத்தை மறைத்து வைத்த அந்தக் கைக்கு எந்த ஸ்தபதியின் பக்கத்திலும் ஆசனம் போடலாம்.

இந்தக் கை இன்னும் நம் நாட்டில் அற்றுப் போய்விடவில்லை என்பதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1768-இல் ஆர்க்காட்டு நவாபுக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த ஹுமாயூன் மஹால், நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கூரை சரிந்து கிடந்தது. பொதுப்பணித் துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவு அண்மைக் காலத்தில் அதைப் புதுப்பித்தபோது, சிமென்டை நாடாமல், தேக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பழைய முறைப்படியே தளத்தை எடுத்தது. கூரையின்றிக் கிடந்த மாளிகைக்கே மீட்சி உண்டென்றால், ஒரு மூலையில் சொட்டும் வீட்டுத் தளத்தைப் பற்றி யாரும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

ஆகவே மாடி வீடு உடைய அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இவ்வளவே. ஒழுகும்வரை காத்திராமல் சித்திரை வைகாசியில் ஒரு தரம் மேலே போய்த் தூம்பைத் திறந்து, மூலைகளைப் பார்த்து, முளைத்திருக்கும் செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். பழுது இருந்தால், வடகிழக்குப் பருவ மழைக்கு முன் தளம் காய்ந்து இறுகக் குறைந்தது இரண்டு மாதமாவது மிச்சம் இருக்கும்படி வேலையைத் தொடங்குங்கள். தட்டும் நாட்களைக் குறைக்கச் சொல்லி மேஸ்திரியை அவசரப்படுத்தாதீர்கள். கூலியில் மிச்சம் பிடித்த அந்த நாட்களை மழை வட்டியோடு வசூலித்துவிடும். வந்தவர் முதலில் தளத்தைத் தட்டிப் பார்த்து, மட்டக்கோல் வைத்து, நீர் ஊற்றி வாட்டம் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அதைச் செய்யாமல் பூச்சின் விலையை மாத்திரம் சொல்லுகிறவரிடம் வீட்டை ஒப்படைக்காதீர்கள்.